ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுக்கு அறுநூறு

இஸ்ஸதீன் நானா அனுப்பிய அளவு அது.
உப்புவெளிக் கடற்கரை
அந்தப் பெட்டிக்குள் அடங்கவேண்டும்,
அதுவும் இருநூறு கேபிக்குள்.

நான் எடுத்த படமோ பதினொரு எம்பி.
காலை ஆறேகால். மணலில் ஈரம்.
இடது மூலையில், கடலுக்கு அங்கால், சுவாமி மலை,
அதன் உச்சியில் கோபுரம், ஒரு கடுகு.
நடுவில் நித்திரை கொள்ளும் நாய்.
வலப்பக்கம் வலை பொத்துகிற எமிலியாம்பிள்ளை.
மேலே வயர், வயரில் காகம்.
கீழே ஒற்றைச் செருப்பு, நூடுல்ஸ் பக்கற்று,
என் கால் பெருவிரலும்.

முதலில் போனது பெருவிரல்.
பிறகு பக்கற்று, செருப்பு, காகம்,
வானத்தில் முக்கால்வாசி.
'வானம் எல்லா ஊரிலயும் கிடக்குதானே'
என்றார் நானா.

விகிதத்தைப் பூட்டினால்
அகலம் குறையக் குறைய உயரமும் குறையும்.
பூட்டைத் திறந்து இழுத்தால்
நாய் நீண்டு முதலையாகும்.
இழுத்துப் பார்த்தேன். தனியே இருந்து சிரித்தேன்.
பழையபடி ஆக்கினேன்.

எமிலியாம்பிள்ளையை எடுக்கச் சொன்னதும் நானாதான்.
'பழஞ்சாரத்தைப் பார்க்கவா
போலந்துக்காரன் காசு கட்டுறான்?'
அவரை வெட்டினால் பெட்டி சுருங்கும்,
பெட்டி சுருங்கினால் கோபுரம் தட்டும்.
கோபுரம் இல்லாமல் திருகோணமலையா?
அரை மணித்தியாலம் நடந்த பேரம்
ஒரு முழங்கையில் முடிந்தது.
கோபுரம் தப்பியது, ஓரத்தில்
ஆளில்லாத முழங்கை ஒன்று
தன்பாட்டில் மடங்கியிருந்தது.

கடை வாசலில் மான்.
பாஸ்போட் படம் வெட்டிய கடதாசி ஓரங்களை
நாள்தோறும் வந்து தின்கிற பெட்டை மான்.
இன்று அதற்கு ஒன்றுமில்லை.
கணினியில் வெட்டிய காகமும் வானமும்
தரையில் விழவில்லை.
கொஞ்ச நேரம் பார்த்து நின்றுவிட்டு
பஸ் நிலையப் பக்கம் போனது.

இரவு பத்து மணிக்கு அழைப்பு.
'பிள்ளை, என்ர போனில
நாய் மட்டும்தான் படுத்திருக்கு.
ஹோட்டல் நாயுக்கா?'

நான் வெட்டியதைப் போன் திரும்ப வெட்டும்.
யாரையும் கேட்காது. நடுவைத்தான் நம்பும்.
மையப்புள்ளியை மலைக்கு நகர்த்தினேன்.
நானாவின் போனில் கோபுரம் எழும்பியது.
அவர் மகளின் டெப்லெட்டில் மலையும் வாலும்.
அறுகம்பையில் மச்சினனுக்கு வெறும் தண்ணீர்.
சரி, தண்ணீரும் எங்கள் தண்ணீர்தானே
என்று பில் போட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து
கரையில் இருந்தார் எமிலியாம்பிள்ளை.
'அண்டைக்கு எடுத்த படம் எங்க? காட்டு பாப்பம்.'

போனை நிமிர்த்திப் பிடித்தால் மலை மட்டும்.
குறுக்கே திருப்பினேன்.
கடல் அகன்றது, நாய் வந்தது,
கடைசியாக,
திரையின் விளிம்பு பிடித்துக்கொண்டு
முழங்கை.

கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.
தூண்டில் கிழித்த தழும்பு
அமுக்கிய அமுக்கில் கரைந்திருந்தது.
இருந்தும் சொன்னார்:
'இது முடிச்சு இறுக்கிற நேரம்.
நூலை இழுக்கேக்கதான் கை இப்பிடி மடங்கும்.'
அங்கே நூலும் இல்லை. வலையும் இல்லை.
காற்றில் ஒருதரம் இழுத்துக் காட்டினார்.
படத்தில் இருந்த அதே கோணம்.

'மிச்சம்?'

இருநூறு கேபி என்று தொடங்கினேன்.
விகிதம் என்றேன், நானா என்றேன்.
தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.
நாய் வந்து அவர் நிழலில்
முழுசாகப் படுத்தது.

'அப்ப இவனை மட்டும் முழுக்க விட்டிருக்கிறியள்'
என்றார்.
'இவனுக்கு எவ்வளவு குடுத்தவை?'